தண்ணீர் குடிக்க வந்தேன்

மதுரைக்காரன் ராத்திரியில் தின்பதைக் குற்றம் என்று சொல்ல வருகிறவர்கள், வருவதற்கு முன்னால் மதுரைக்காஞ்சியை ஒரு தடவை புரட்டிவிட்டு வரட்டும். பத்துப்பாட்டிலேயே நீளமான பாட்டு அது, 782 அடி. மாங்குடி மருதனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை எடுத்துச் சொல்லத்தான் உட்கார்ந்தார். ஆனால் மதுரைக்குள் நுழைந்ததும் புலவருக்கே கால் கடைத்தெருப் பக்கம் போய்விட்டது. பகல் சந்தைக்கு நாளங்காடி, ராத்திரிச் சந்தைக்கு அல்லங்காடி என்று இரண்டையும் சுற்றி வந்தவர், ஊர் அடங்கும் நேரத்தில் அடையும் மோதகமும் விற்கிறவர்கள் சரக்கோடு தூங்கி வழிவதைக்கூட விடாமல் எழுதிவைத்திருக்கிறார். அந்த நேரத்திலும் கடையைக் கட்டாமல் இருந்தார்கள் என்றால், வாங்குவதற்கு எவனோ ஒருவன் வந்துகொண்டிருந்தான் என்றுதானே அர்த்தம்? அவனுடைய வம்சம் நான்.

இதை என் மனைவியிடம் ஆதாரத்தோடு எடுத்துவைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அவங்க காசு குடுத்து வாங்கித் தின்னாங்க. நீங்க திருடித் திங்கிறீங்க."

மதுரையில் குடியிருப்பதில் ஒரு பூகோளச் சிக்கல் இருக்கிறது. வடக்கே போனால் மணப்பாறை முறுக்கு. தெற்கே ரயிலேறினால் சாத்தூர் சேவு, அதைத் தாண்டினால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய், கடைசியில் திருநெல்வேலி அல்வா. கொஞ்சம் மேற்கே ஒதுங்கினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கடலைமிட்டாய்க்கு 2020இல், முறுக்குக்கு 2023இல். மதுரைக்கு என்ன கிடைத்தது? சுங்குடிச் சேலையும் மல்லிகைப் பூவும். இரண்டையும் கடிக்க முடியாது. அதனாலோ என்னவோ, சொந்தக்காரர்கள் எங்களைத் தின்பதற்கு இல்லாதவர்கள் என்று முடிவுகட்டி, எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரு பையோடுதான் படியேறுகிறார்கள். அடுப்படி மேல்தட்டில் எவர்சில்வர் சம்படங்கள் ஊர்வாரியாக வரிசையில் நிற்கின்றன. ராத்திரி பதினொன்றரைக்கு மணப்பாறையில் ஏறினேன் என்றால் பன்னிரண்டுக்குள் திருநெல்வேலியில் இறங்கிவிடுவேன். நடுவில் எல்லா ஸ்டேஷனிலும் வண்டி நிற்கும்.

இது பசி இல்லை என்று எனக்கே தெரியும். எட்டரைக்கு நாலு தோசை. அதற்குமேல் 'மாவு மிச்சம் கிடக்கு' என்பதற்காக இன்னொன்று. முன்பு தின்றது செரித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். நியாயமான பேச்சு. செரித்துவிட்டதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை அவர் தின்கிறவனிடமே விட்டுவிட்டார், அங்கேதான் ஓட்டை. பதினொன்றரைக்கு என்னை எழுப்பிக் கேட்டால், காலையில் தின்ற பொங்கல் தொடங்கிச் சகலமும் செரித்துவிட்டது என்று மீனாட்சி மேல் சத்தியம் செய்வேன்.

பசி என்றால் மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு வந்ததுதான் பசி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் நாவல்கனியை ஒரு முனிவர் வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறார். இவள் அதை மிதித்துச் சிதைத்துவிடுகிறாள். பன்னிரண்டு ஆண்டு யானைத்தீயில் வேகும்படி சாபம். (முனிவருக்கும் அன்றைக்கு நல்ல பசி இருந்திருக்க வேண்டும். வயிறு நிறைந்தவன் இந்த அளவுக்குப் போகமாட்டான்.) கடைசியில் மணிமேகலை அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி இட, தீ அவிந்துபோகிறது. அவளுக்கு ஒரு பிடியோடு முடிந்தது. எனக்கு ஒரு பிடியில்தான் ஆரம்பமே.

என் சங்கதி வேறு. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மேலாளர் அத்தனை பேர் முன்னால் "எத்தனை தடவை சார் உங்களுக்குச் சொல்றது?" என்பார். "சரிங்க சார்" என்பேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அந்த 'சரிங்க சார்' வெளியே வந்துவிட்டாலும், அதற்குப் பின்னால் வரிசையில் நின்ற மற்ற வாக்கியங்கள் தொண்டையிலேயே தங்கிவிடும். 'நாட்டாமை' படத்தில் பெண் பார்க்கும் இடத்தில் ஒருவர் எதிலும் பட்டுக்கொள்ளாமல் மிக்சர் தின்றுகொண்டிருப்பாரே, 1994இலிருந்து தமிழ்நாடு அவரை மறக்கவில்லை. அலுவலகத்தில் நான் மிக்சர் இல்லாமலே மிக்சர் தின்கிறவன். மிக்சரை வீட்டுக்கு வந்துதான் தின்ன முடிகிறது.

ஒவ்வொரு மனநிலையும் தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்குகிறது. கோபத்துக்கு முறுக்கு. மேலாளரைக் கடிக்க வழியில்லை. மணப்பாறைக்காரர் இரண்டு தடவை எண்ணெயில் போட்டு இறுக்கி எடுப்பது என்னைப் போன்றவர்களை நினைத்துத்தான். வருத்தத்துக்குப் பல்லுக்கு வேலை வைக்கிற எதுவும் ஆகாது, அல்வாதான் சரி. பயத்துக்கு வேர்க்கடலை, அதுவும் தொலியோடு. கை ஓயக்கூடாது.

சும்மா இருக்கிற நேரத்து வெறுமைக்கு மிக்சர். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மிக்சர் தின்பது பாதி தேடுதல். முதலில் விரல்கள் இருட்டிலேயே முந்திரியின் வளைவைக் கண்டுபிடிக்கும். முந்திரி தீர்ந்ததும் நிலக்கடலை. பிறகு காராபூந்தி, அதிலும் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு பிறந்தவை. அதற்கப்புறம் எண்ணெயில் பொரிந்து கண்ணாடியாகிவிட்ட கறிவேப்பிலை. அவல் பொரியைத் தள்ளிவைத்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் அதற்கும் மனம் இரங்கும். ஒரு வாரத்தில் டப்பாவில் ஓமப்பொடியும், எந்தப் பல்லுக்கும் அசையாத ஒன்றிரண்டு பட்டாணியும் மட்டும் மிஞ்சும். விருந்தாளி வந்த அன்று மனைவி தட்டில் கொட்டிப் பார்த்துவிட்டு, "மிக்சர்னு சொல்லித்தான் கடையில குடுத்தான்" என்று அவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சத்தம் வராமல் தின்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். சம்பட மூடியை நேராக இழுத்தால் 'டப்' என்று கேட்கும். தெருவுக்கே சேதி போய்விடும். விளிம்பில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு, சுற்றிச் சுற்றி நெம்ப வேண்டும். முறுக்கை அப்படியே கடிக்கக் கூடாது. ஒரு துண்டை உடைத்து, அதையும் வேட்டிக்குள் வைத்து உடைத்து, வாயில் ஒதுக்கி ஊறவிட வேண்டும். பல் போன எங்கள் அப்பத்தா முறுக்கைச் சூடான பாலில் போட்டு வைத்துக்கொண்டு, "பல்லு இருக்கவனுக்கு அவசரம், ருசி தெரியாது" என்பாள். பல வருஷம் தள்ளி அந்த வித்தை எனக்குக் கைகொடுக்கிறது. இதிலெல்லாம் தேறினாலும் ஃப்ரிட்ஜ் காட்டிக்கொடுத்துவிடும். கதவைத் திறந்தவுடன் விளக்கு எரிய வேண்டும் என்று யோசித்தவன் கூட்டுக்குடும்பத்தில் இருந்தவனாக இருக்க முடியாது.

என் மகள் நுண்ணுயிரியல் படிக்கிறாள். அவள்தான் இது ஒரு வியாதியாகவும் இருக்கலாம் என்றாள். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1955இலேயே இரவில் உண்ணும் கோளாறு பற்றி எழுதியிருக்கிறார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் அதற்கு ஓர் ஓரமாக இடமும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாள் காலையில் சாப்பிட உட்கார்ந்ததும் அறிவித்தேன்: "இது வியாதி. வியாதிக்காரனைத் திட்டக்கூடாது."

மனைவி மகளைப் பார்த்தாள். "அறிகுறி என்னடி?"

"ராத்திரி தூக்கம் வராதும்மா. ஒரு நாளைக்குத் திங்கிறதுல கால்வாசி ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருக்கும். காலைல பசியே எடுக்காது."

மனைவி என் தட்டைப் பார்த்தாள். ஏழாவது இட்லி அப்போதுதான் சாம்பாரில் இறங்கிக்கொண்டிருந்தது. "உங்களை அந்த டாக்டர் வாசல்லயே திருப்பி அனுப்பிருவாரு" என்றாள்.

வியாதி கைவிட்டாலும் விஞ்ஞானம் முழுக்கக் கைவிடவில்லை. 2013இல் பிராங்க் ஷீர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 12 பேரை மணி என்ன என்றே தெரியாத மங்கலான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டு நேரத்தையும் தூக்க நேரத்தையும் எப்படிக் கலைத்துப் போட்டாலும், உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் காலை எட்டு மணி வாக்கில் பசியைக் கீழே வைத்தது, இரவு எட்டு மணி வாக்கில் மேலே வைத்தது. சிகாகோவில் 2004இல் இன்னொரு 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டார்கள். பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் ஏறிவிட்டது. 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் இறங்கிவிட்டது. எங்கள் வீட்டில் 'போதும்' என்று சொல்லும் லெப்டின் ஒன்பதரைக்கே தூங்கப் போய்விடும்.

இன்னொரு ஆராய்ச்சி எலியைப் பற்றியது. சான் பிரான்சிஸ்கோவில் மேரி டால்மன் என்ற அம்மையாரும் குழுவினரும், நெருக்கடியில் மாட்டிய எலிக்குச் சர்க்கரையும் கொழுப்பும் கிடைத்தால் அதன் படபடப்பு ஹார்மோன்கள் கொஞ்சம் அடங்குவதை 2003இல் எழுதினார்கள். எலியின் மனசை நம்மவர்கள் எப்போதோ படித்துவிட்டார்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். இல்லாவிட்டால் எலிப்பொறியில் மசால் வடையை வைக்கத் தோன்றியிருக்குமா?

வடை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். மேடையில் இருந்த சேவுப் பொட்டலத்தின் ஓரம் பிய்ந்திருந்ததைப் பார்த்து, அம்மா "எலி வருதுப்பா" என்றாள். நான் மறுக்கவில்லை. மனைவி சாயங்காலமே டீக்கடையிலிருந்து ஒரு மசால் வடை வாங்கி, பொறியின் கொக்கியில் மாட்டி, கேஸ் சிலிண்டர் பக்கத்தில் வைத்தாள். அன்றைக்கென்று பார்த்து அலுவலகத்தில் ஆடிட்டர் வந்திருந்தார். ராத்திரி எழுந்தபோது அடுப்படி முழுக்க சோம்பும் வெங்காயமுமாக வாசனை. சம்படங்கள் எதுவும் கண்ணில் படவில்லை. இடுக்கியை எடுத்தேன். வடை முக்கால்வாசி வெளியே வந்த நேரத்தில் பொறியின் கதவு இடுக்கி மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

காலையில் கூட்டம் கூடிவிட்டது. பொறி மூடியிருக்கிறது. உள்ளே வடை இல்லை, எலியும் இல்லை.

"வடையத் தின்னுட்டு எந்த வழியாப் போச்சு?" என்றாள் அம்மா.

மனைவி அடுப்படியை ஒரு சுற்றுப் பார்த்தாள். "வடையத் தின்னுருக்கு. கையத் துண்டுல தொடச்சிருக்கு. இடுக்கியக் கழுவிக் கவுத்தி வச்சிட்டுப் போயிருக்கு. நல்லா வளர்ந்த எலி அத்தை."

அதற்குப் பிறகு டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். ரத்த அழுத்தம் கொஞ்சம் மேலே. ஒரு நாளைக்கு ஒருவர் 5 கிராம் உப்பைத் தாண்டக் கூடாது என்றார், ஒரு டீஸ்பூன். சாத்தூர் சேவில் எவ்வளவு உப்பு என்று நான் அளந்ததில்லை, விரலை நக்கியே கண்டுபிடித்துக்கொள்ளலாம். "ராத்திரி பசிச்சா வெள்ளரிக்காய் சாப்பிடுங்க" என்றார். நல்ல மனிதர். ஆனால் அவரை யாரும் அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தியதில்லை என்று தெரிந்தது. மேலாளர் மேல் இருக்கும் கோபத்தை வெள்ளரிக்காயிடம் சொல்லிப் பாருங்கள். அதுவும் 'சரிங்க சார்' என்று நசுங்கிவிடும்.

சாப்பிட்டவுடன் பல் துலக்கிவிட்டால் அப்புறம் தின்னத் தோன்றாது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். செய்தேன். பற்பசைக் காரத்தோடு காராச்சேவு தின்றால் புதினாச் சட்னி தொட்டுக்கொண்ட மாதிரியே இருக்கிறது என்பதுதான் கண்ட பலன். மனைவி சம்படங்களைப் பரணுக்கு ஏற்றினாள். இது ஓரளவுக்கு வேலை செய்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஏறி, முழங்கால் ஒரு சத்தம் கொடுத்து, கை நீட்டுவதற்குள் 'இப்போ என்னத்துக்கு?' என்று ஒரு கேள்வி வந்துவிடுகிறது. பாதி நாள் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் இறங்கியிருக்கிறேன். மீதி நாள் பதில் இருந்தது.

மகள் ஒரு நோட்டைக் கொடுத்தாள். "திங்காதீங்கன்னு சொல்லலப்பா. திங்கிறதுக்கு முன்னாடி என்ன திங்கிறீங்க, ஏன் திங்கிறீங்கன்னு மட்டும் எழுதுங்க." கணக்குப் பிரிவு ஆள் என்பதால் கட்டம் போட்டே எழுதினேன். ஒரு பக்கம் இப்படி இருந்தது:

11.20. ஓலைப்பக்கோடா. காரணம்: மேலாளர்.
11.35. கடலைமிட்டாய், இரண்டு. காரணம்: ஓலைப்பக்கோடா தின்ற வருத்தம்.
11.50. காராச்சேவு. காரணம்: கடலைமிட்டாய் இனித்துவிட்டது.

மாதக் கடைசியில் வரவு செலவு பார்க்கிற பழக்கத்தில் அந்த நோட்டையும் கூட்டிப் பார்த்தேன். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்க நேரமில்லாமல் இரண்டு பிஸ்கட்டோடு முடித்த நாட்களில் எல்லாம் ராத்திரிப் பக்கம் நிரம்பி வழிந்தது. தங்கச்சி ஊரிலிருந்து வந்து தங்கியிருந்து பன்னிரண்டு மணிவரை சொத்துக்கதை, கல்யாணக்கதை எல்லாம் பேசிய நாட்களில் நோட்டு வெறுமனே கிடந்தது. வாய்க்கு வேறு வேலை இருந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த பெருமையில் அன்றைக்கு ஒரு முறுக்கு கூடுதலாகத் தின்றேன். காரணம் என்ற கட்டத்தில் 'மகிழ்ச்சி' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு ஒரு ராத்திரி. விளக்குப் போடாமல் அடுப்படிக்குள் கால் வைத்தால், அலமாரி ஓரமாக ஓர் உருவம்.

"யாரு?"

"தண்ணி குடிக்க வந்தேன்" என்றாள் அம்மா.

"நானும் தண்ணி குடிக்கத்தாம்மா."

இரண்டு பேர் கையிலும் டம்ளர் இல்லை. அம்மாவின் கை மட்டும் மூடியிருந்தது. சர்க்கரை வியாதிக்குப் பல வருஷமாக மாத்திரை போடுகிறவள். விளக்கைப் போட்டேன், விரலிடுக்கில் மண்டைவெல்லத் துண்டு.

"என்னம்மா இது?"

"வெல்லந்தான்டா. சர்க்கரை வியாதிக்குச் சீனிதானே ஆகாது?"

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். அப்பா இருந்தவரை மில்லில் ரெண்டாவது ஷிப்ட் முடிந்து இந்த நேரத்துக்குத்தான் வீட்டுக்கு வருவார். சைக்கிளைத் திண்ணைக்கு ஏற்றுகிற சத்தம் கேட்டதும் அம்மா குழம்பைச் சூடு பண்ணுவாள். அதுவரை அவள் சாப்பிட்டிருக்கமாட்டாள். "அம்பது வருசமா இந்நேரத்துக்குத் தின்ன வயிறு. அவரு போயிட்டாருன்னு அதுக்கு யாரு சொல்றது?" என்றாள். பிறகு, "உன்னிய மட்டும் என்ன? சைக்கிள் சத்தம் கேட்டா கண்ணு தொறக்காமலே வந்து அவரு தட்டு பக்கத்துல உக்காருவ. ஒரு உருண்டை வாங்கித் தின்னுட்டு அங்கயே படுத்துருவ" என்றாள். எனக்கு அது ஞாபகமே இல்லை. அம்மா வெல்லத்தை இரண்டாக உடைத்துப் பெரிய துண்டை அவளே எடுத்துக்கொண்டாள்.

பரணில் சம்படங்கள் இருந்தது மறுநாள் காலையில்தான் நினைவுக்கு வந்தது.

இப்போதெல்லாம் பத்து மணிக்கு அடுப்படியில் மோர் மட்டும் உண்டு, பெருங்காயம் போட்டு. அலுவலகத்தில் நடந்ததை நான் சொல்லச் சொல்ல அம்மா மேலாளரைத் திட்டுவாள். ஆளைப் பார்த்தது கிடையாது. ஆனாலும் அவருடைய ஏழு தலைமுறையும் விளங்காமல் போவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை இரண்டே நிமிஷத்தில் செய்து முடித்துவிடுவாள். இந்த மொறுமொறுப்பு எந்த மணப்பாறைச் சரக்கிலும் கிடையாது. கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தால் தூக்கம் வந்துவிடுகிறது. மார்ச் மாதத்தில் மட்டும் மோர் பத்தாது. கணக்கு முடிக்கும் மாதம் அது. ஸ்டூலை யாரும் எடுத்து ஒளித்துவைக்கக் கூடாது என்று வீட்டில் ஒரு சமாதான உடன்படிக்கை இருக்கிறது.

போன வாரம் சாத்தூர்ச் சித்தப்பா போன் செய்தார். "ஞாயித்துக்கெழம வர்றேன்ப்பா. சேவு எம்புட்டு வாங்கட்டும்?"

மனைவி பக்கத்திலேயே நின்றாள். "வேணாம் சித்தப்பா. டாக்டர் கூடாதுன்னுட்டாரு."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. சாத்தூர்க்காரரிடம் இதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் கழித்து, "மிளகுச் சேவு? மிளகு மருந்துதானப்பா?" என்றார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மிளகுச் சேவெல்லாம் இவனுக்கு வேணாம் தம்பி. கருப்பட்டிச் சேவு கால் கிலோ வாங்கிட்டு வா, போதும். கருப்பட்டிக்குச் சர்க்கரை ஏறாது."